கரைவழி நடந்தோர்

மலையடியிலே வாழ்கின்றவனுக்குக் கடற்கரையைப் பற்றிப் பேச என்ன உரிமை உண்டு என்று நேயர்களிற் சிலர் வினவக்கூடும். என் ஊர் புளியறை. செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுக் கணவாயின் வாயிலில் அமைந்த சிற்றூர் அது. 1956 நவம்பர் 1ஆம் நாள் செங்கோட்டைப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணையும் வரையில் நாங்கள் மேற்கே திருவிதாங்கூரை நோக்கியிருந்தோம். இணைந்த பின்னர்க் கிழக்கே திருநெல்வேலியை நோக்கலானோம். 2019ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தார் ஆனோம். ஆட்சி எத்திசையிலிருந்து நடந்தாலும், எங்கள் மலையின் நீர் மட்டும் என்றும் இரு திசையும் நோக்கியே ஓடுகிறது. மேற்குச் சரிவிலே விழும் மழை கல்லடையாற்றின் வழியே கொல்லத்து அட்டமுடிக் காயலைச் சேர்கின்றது. கிழக்குச் சரிவிலே விழும் மழை சிற்றாற்றோடு கலந்து, தாமிரபரணியை அடைந்து, புன்னைக்காயலில் கடல் காண்கின்றது. ஆகவே எங்கள் ஊர் இரு கடல்களுக்கு நடுவே நிற்கும் ஊர் என்று கூறினும் தவறாகாது.

மலைநாட்டார் கடலை நாடி நடப்பதும் புதிதன்று. தைத்திங்களில் எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து பச்சையாடை உடுத்துத் திருச்செந்தூருக்குக் கால்நடையாகச் செல்வோர் பலர். அவர்கள் கடலைக் கண்டு, நீராடி, முருகனை வணங்கி மீள்வர். கடலைக் கண்ட இடத்தில் அவர்கள் நடை முடிகிறது. அவ்விடத்திலே தொடங்கும் ஒரு நடையைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஓர் ஆவல் இருந்தது. புன்னைக்காயலிலே புறப்பட்டுக் குமரிமுனை வரையில், கையிலே ஒரு தூண்டிலோடு, அலை வந்து மீளும் ஈரமணலின் மீதே நடந்து செல்லவேண்டும். பகலுக்கு வேண்டிய மீனைக் கரையிலே நின்று பிடித்துக்கொள்ளவேண்டும் என்பது என் எண்ணம். தொலைவு 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இதற்கு ஒரு திட்டம் வகுக்க அமர்ந்தேன். எந்நாளிற் புறப்படுவது, எங்கே தங்குவது, எங்கே நீர் கிடைக்கும், எம்மீன் எங்கே அகப்படும் என்று ஒவ்வொன்றாக ஆராயப் புகுந்தபோது, இவ்வினாக்களையெல்லாம் எனக்கு முன்னரே பலர் கேட்டு விடையும் கண்டிருக்கின்றனர் என்று அறிந்தேன். அவ்வாறு கரைவழி நடந்தோரின் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

தமிழிலே வழிநடைத் திட்டம் மிகப் பழமையானது. ஆற்றுப்படை என்னும் பெயரே அதனை உணர்த்தும். ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். பரிசில் பெற்று மீளும் ஒரு பாணன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு பாணனுக்கு வழி கூறுவதே அதன் அமைப்பு. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படையில், ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணன் முதலில் நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தை அடைகிறான். இன்றைய மரக்காணத்தை ஒட்டிய கடற்கரை அது என்பர். அங்கே பரதவர் குடியில் காய்ந்த குழல் மீனைச் சுட்டுத் தருவர், பழந்தேறலும் கிடைக்கும் என்று புலவர் சொல்லி அனுப்புகின்றார். இத்தனை காதம் நடக்க வேண்டும் என்று அவர் கணக்கிடவில்லை. எங்கே யார் உணவளிப்பர் என்பதையே கணக்கிட்டார். கரைவழி நடப்போனுக்கு முதல் திட்டம் எது என்பதை இதனினும் தெளிவாக எடுத்துரைப்பது அரிது.

கடல்வழி வந்த அயல்நாட்டாரும் இக்கரையைத் துறை துறையாகவே அறிந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டிலே கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற எரித்திரியக் கடற்பயண நூல், குமரியையும், அதற்கு அப்பால் முத்துக்குளிக்கும் கொற்கையையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்கின்றது. அந்நூலாசிரியர் கூறும் கொற்கை கடற்றுறை. இன்று அங்கே செல்வோர் காண்பது வயலும் வாழையும் குளமுமே. கடல் அங்கிருந்து ஏறத்தாழ 6, 7 கிலோமீட்டர் கிழக்கே சென்றுவிட்டது. இதன் காரணத்தை ஆராய்ந்து விளக்கியவருள் முதன்மையானவர் கால்டுவெல். 1841ஆம் ஆண்டு சென்னையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்குக் கால்நடையாகவே வந்து, உவரிக் கடற்கரைக்கு அணித்தான இடையன்குடியிலே அரை நூற்றாண்டு வாழ்ந்தவர் அவர். தாமிரபரணி ஆண்டுதோறும் கொணரும் வண்டலும் மணலும் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டு சென்றன. கொற்கைத் துறை தூர்ந்தபின் காயல் தோன்றியது. காயலும் தூர்ந்தபின் புன்னைக்காயல் எழுந்தது என்று 1881ஆம் ஆண்டு வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்று நூலிலே அவர் எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த காயல் துறைமுகமும் இன்று கடலை விட்டு உள்ளே தள்ளி நிற்கின்றது.

இதனைப் படித்தபோது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. நாம் கரையிலே நடக்கின்றோம், கரையும் நடக்கின்றது. எங்கள் மலையிலே தேய்ந்த கல்லும் மண்ணும் சேர்ந்தே அக்கரை ஆயிற்று. ஆகவே பழைய நிலப்படம் ஒன்றை மட்டும் நம்பிக் கரைவழி செல்பவன் ஏமாறுவான். ஆற்றுமுகம் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். சென்ற ஆண்டு முழங்கால் நீரில் கடந்த முகத்துவாரத்தை இவ்வாண்டு படகின்றிக் கடக்க இயலாது. புன்னைக்காயல், கருமேனியாற்று முகம், நம்பியாற்று முகம் ஆகிய மூன்று இடங்களிலும் முதல்நாளே ஊராரைக் கேட்டறிந்து செல்வதே முறை.

இனிக் காற்றைப் பற்றிக் கூறவேண்டும். இந்த நடையின் திட்டமெல்லாம் காற்றிலேதான் அடங்கியிருக்கிறது. இதற்குச் சான்றாக 1544ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைக்கின்றேன்.

பிரான்சிசு சவேரியார் 1542ஆம் ஆண்டு கோவாவில் வந்திறங்கி, அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தூத்துக்குடி முதல் குமரி வரை பரதவர் ஊர்தோறும் கால்நடையாகச் சென்று பணி செய்தார். 1544ஆம் ஆண்டு சூன் திங்களில் வடுகப் படையினர் குமரியை ஒட்டிய கடற்கரை ஊர்களிற் புகுந்து சூறையாடினர். மக்கள் உயிர் தப்பக் கடலிலே இறங்கி, முனைக்கு அருகே உள்ள பாறைகளில் ஒதுங்கினர். அங்கே உண்ண உணவில்லை; குடிக்க நீரில்லை; பசியாலும் தாகத்தாலும் மாய்ந்தனர். செய்தி மணப்பாட்டுக்கு வந்தது. சவேரியார் 20 தோணிகளைத் திரட்டி உதவிக்குப் புறப்பட்டார். தோணிகள் குமரியை அடையவில்லை. காற்று நேர் எதிரே வீசியது. துடுப்பு வலித்தும் பயனில்லை. கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் பயனில்லை என்று அவர் தம் தோழர் மான்சிலாசுக்கு சூன் 16ஆம் நாள் எழுதிய கடிதம் கூறுகின்றது. கடல் வழி விடாமையால், பின்னர் அவர் தரைவழியே நடந்து குமரியை அடைந்தார். அங்கே கண்ட துயரத்தை ஆகஸ்டுத் திங்கள் எழுதிய மற்றொரு கடிதத்தில் விவரிக்கின்றார். உணவின்றி வாடியோரையும், நடக்கவியலா முதியோரையும், வழியிலே இறந்தோரையும் அவர் கண்டார்.

அக்காலத்து நாட்காட்டிக்கும் இக்காலத்து நாட்காட்டிக்கும் பத்து நாள் வேறுபாடு உண்டு. அவர் எழுதிய சூன் 16 இன்றைய கணக்கிலே சூன் 26. அஃதாவது ஆனித் திங்களின் நடுப்பகுதி. ஆனி நடுவிலே புளியறையில் வாழ்வோருக்கு ஒன்று நன்கு தெரியும். கணவாய் வழியே மேல்காற்று இரவும் பகலும் வீசும். குற்றாலத்தில் அருவி ஆர்ப்பரிக்கும். வீட்டுக் கூரையின் மீது சாரல் தெளித்துக்கொண்டே இருக்கும். ஊரெல்லாம் குளிர்ந்து மகிழும் அதே காற்று, குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு வீசித் தோணிகளை மறிக்கின்றது. எங்களுக்குச் சாரலான காற்று, பாறைமேல் ஒதுங்கிய மக்களுக்குச் சாக்காடாயிற்று. மலையடிக்கும் கடலடிக்கும் உள்ள தொடர்பை இதனினும் கொடிதாக உணர்த்தும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

ஆகவே கரைவழி நடைக்கு நாள் குறிக்கும்போது என் முதற்கணக்கு எளிதாயிற்று. புளியறையில் சாரல் பெய்யும் வைகாசி இறுதி முதல் ஆவணி வரை அந்நடை ஆகாது. திருச்செந்தூருக்குத் தெற்கே செந்நிறத் தேரிமணல் காற்றிலே பறந்து கண்ணை மறைக்கும். கடல் கொந்தளித்துத் தூண்டிற்கயிற்றைச் சுருட்டிக் கரையிலே எறியும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை, அதுவும் ஆகாது. 2023 திசம்பர் 18ஆம் நாள் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணி கரை கடந்து ஊர்களை மூழ்கடித்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாளில் ஆற்றுமுகத்தருகே நிற்பவன் உயிர் தப்புவது அரிது. எஞ்சுவது தையும் மாசியும் பங்குனியின் முற்பகுதியும். மலைநாட்டார் திருச்செந்தூருக்கு நடக்கும் காலமும் ஏறக்குறைய அதுவே. நம் முன்னோர் வானிலை நூல் படித்து அந்நாளைக் குறிக்கவில்லை. நடந்து நடந்து கண்டறிந்தனர்.

கடல் ஏற்றவற்றத்தைப் பற்றி நம் கரையிலே பெரிதும் அஞ்ச வேண்டுவதில்லை. பிற நாடுகளில் ஏற்றம் பல மீட்டர் உயர்ந்து, மணலிலே நடப்போரைச் சூழ்ந்துகொள்வது உண்டு. தூத்துக்குடிக் கடலில் அது ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆயினும் நீர் வற்றிய வேளையில் ஈரமணல் அகன்று இறுகிக் கிடக்கும்; கால் புதையாது. பெருகிய வேளையில் உலர்மணலிலே நடக்க நேரும். ஒரு மணி நேர நடை இரண்டு மணி நேரமாகும்.

குடிநீரைப் பொறுத்தவரையில் இக்கரை வியப்புக்குரியது. திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் கடலுக்கு அருகிலேயே நன்னீர் ஊறுகின்றது. மணலில் இறங்கிய மழைநீர், கனத்த உப்புநீரின் மேலே மெல்லிய படலமாக மிதந்து நிற்பதே இதற்குக் காரணம். மணல்மேட்டின் பின்புறத்தில் ஆழமின்றித் தோண்டினால் பல இடங்களில் ஊற்று நீர் கிடைக்கும். ஆழமாகத் தோண்டினால் உப்பு நீரே வரும். பேராசை கொண்டவனுக்கு அக்கிணறு நீர் தராது.

இனி மீன். அலைவாய்க் கரையிலே நின்று தூண்டில் வீசுவோனுக்கு இங்கே கிடைக்கும் மீன்களுள் தலைசிறந்தது கிழங்கான். மணற்பாங்கான அடியை ஒட்டி, அலை உடையும் இடத்திலே மேயும் மீன் அது. ஆற்றுமுகங்களில் மடவையும் கொடுவாவும் உண்டு. பாறை சார்ந்த இடங்களில் பாரையும் ஊளியும் வரும். ஈரமணலிலே புதைந்து மறையும் சிறு நண்டும் மண்புழுவுமே போதிய இரை. ஆயினும் தூண்டிலில் அகப்பட்டதெல்லாம் உணவாகாது. பேத்தை என்னும் மீன் வயிறு ஊதிப் பந்துபோல் ஆகும். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. திருக்கையின் வால்முள்ளும் கெளிற்றின் துடுப்புமுள்ளும் நடப்பவனை நாட்கணக்கிற் படுக்க வைத்துவிடும். அமெரிக்க நாட்டு அறிஞர் தோரோ, 1849ஆம் ஆண்டு காட் மீன் முனை என்று பொருள்படும் கேப் காட் கடற்கரையிலே நெடுந்தொலைவு நடந்தார். வழியிலே கிடைத்த ஒரு பெருஞ்சிப்பியைச் சுட்டு உண்டார். அன்றிரவு தங்கிய வீட்டு முதியவர், சிப்பி பிடிப்பவர், அதன் ஒரு பகுதியை நீக்கியே உண்ணவேண்டும் என்று கூறினார். அறிவுரை காலங்கடந்து வந்தது. தோரோ வயிறு நொந்தார். நூலறிவு மிக்கவருக்கும் கரையோரத்து முதியவர் ஒருவரின் சொல் வேண்டியிருந்தது.

எனக்கும் அத்தகைய சொல் ஒன்று கிடைத்தது. திட்டத்தைச் சரிபார்க்க மணப்பாட்டுக்குச் சென்றிருந்தபோது, வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் நாள் ஒன்றுக்கு 15 கிலோமீட்டர் நடந்து, காலையும் மாலையும் மீன் பிடிப்பதாகச் சொன்னேன். அவர் வலையிலிருந்து கண்ணெடுக்காமலே, “தம்பி, நீங்கள் நடக்கப் போகிறீர்களா, மீன் பிடிக்கப் போகிறீர்களா?” என்றார்.

“இரண்டுக்கும்தான், ஐயா” என்றேன்.

“நடக்க நல்ல நேரம் விடியலும் அந்தியும். மீன் கரைக்கு வருகிற நேரமும் அதுவே. உங்களிடம் இருப்பது ஒரு விடியல்தானே?” என்றார்.

நான் பல நாள் எழுதிய கணக்கு ஒரே வினாவிலே கலைந்தது. வெயில் ஏறியபின் மணல் சுடும், நடக்கவியலாது, மீனும் ஆழத்திற்குச் சென்றுவிடும். ஆகவே ஒருநாள் விடியல் நடைக்கு, மறுநாள் விடியல் தூண்டிலுக்கு என்று பகுத்தேன். ஏழு நாள் என்று வகுத்த வழி பதினான்கு நாள் ஆயிற்று. காயல்பட்டினம், திருச்செந்தூர், ஆலந்தலை, குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை, உவரி, இடிந்தகரை என்று ஊர் ஊராகத் தங்கிச் செல்லும் நடையாக அது மாறியது. விரைந்து கடப்போருக்கு இவை பெயர்கள் மட்டுமே. தங்கிச் செல்வோருக்கு இவை ஆற்றுப்படை கூறும் துறைகள்.

பெரியவர் வேறு இரண்டு செய்திகளையும் கூறினார். இக்கரையின் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குச் செல்வதில்லை. அன்று கரையிலே நின்று தூண்டில் வீசுவது ஊராருக்கு மனவருத்தம் தரும். கரைவலை இழுக்குமிடத்தில் தூண்டில் வீசலாகாது. கரைவலை என்பது அரைவட்டமாகக் கடலிலே விடப்படும் நீண்ட வலை. இரு முனைகளிலும் கட்டிய கயிறுகளை இரு கூட்டத்தார் கரையில் நின்று மணிக்கணக்கில் இழுப்பர். நடுவிலுள்ள மடியிலே மீன் திரளும். குமரிப் பகுதியில் இதனைக் கரமடி என்பர். நான் கண்ட கரைகளில், வழிப்போக்கன் ஒருவன் கயிற்றிலே கை வைத்து இழுத்தால், பங்கு பிரிக்கும்போது அவனுக்கும் ஒரு பிடி மீனை ஒதுக்குகின்றனர். எயிற்பட்டினத்துச் சுட்ட மீனின் வழித்தோன்றல் இது என்று எனக்குத் தோன்றியது.

இத்தகைய கரைவழி இன்று முழுவதும் திறந்து கிடக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இடிந்தகரைக்கு அப்பால் கூடங்குளம் அணுமின் நிலையம் கரையை ஒட்டி நிற்கின்றது. நடப்பவன் அங்கே உள்நாட்டுச் சாலைக்கு ஏறிச் சுற்றிச் செல்லவேண்டும். குலசேகரன்பட்டினத்தை அடுத்து விண்கலம் ஏவுதளம் ஒன்றுக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கரைமணலிலுள்ள கனிமங்களைத் தோண்டுவதற்கு 2013ஆம் ஆண்டு தமிழக அரசு தடை விதிக்கும் வரையில், பல இடங்களில் மணல்மேடுகளே குலைந்தன. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபின், கடலரிப்பைத் தடுக்கக் கருங்கற் சுவர்களும் தூண்டில் வளைவுகளும் பெருகின. தூண்டில் முள்போல் வளைந்து கடலுக்குள் நீளும் கற்கட்டே தூண்டில் வளைவு. அது ஒருபுறம் ஓடும் மணலைத் தடுத்து ஓர் ஊருக்குக் கரை தருகின்றது. மறுபுறத்து ஊருக்கு வரவேண்டிய மணல் வாராமையால் அங்கே கரை கரைகின்றது. அவ்வூரார் தமக்கும் ஒரு வளைவு வேண்டும் என்கின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. வீட்டு வாயிலிலே அலை அடிக்கும்போது யாரும் கல்லைத்தான் நாடுவர். அணைகளிலே மணல் தேங்கிவிட, மலையிலிருந்து வரும் மணலும் முன்போல் கடலைச் சேர்வதில்லை. கொற்கையிலிருந்து கிழக்கே நடந்த கரை இப்போது பல இடங்களில் மேற்கே திரும்பி நடக்கின்றது.

மணற்கரை அற்றுப்போனால் நடப்போனுக்கு வழி அறும். அது சிறு இழப்பு. கட்டுமரத்தை ஏற்றி வைக்கவும், வலையை உலர்த்தவும், மீனைக் காயவைக்கவும், கரைவலை இழுக்கவும் இடமற்றுப் போவது பெரிய இழப்பு. பரதவருக்கு வயலும் களத்துமேடும் கடைத்தெருவும் அந்த மணலே. 1544ஆம் ஆண்டு கடல் கைவிட்ட நாளிலும் கரை கைவிடவில்லை. உதவி நாடியவர் அதன் வழியே நடந்து சென்று மக்களை அடைந்தார். கடல் சினக்கும் நாளில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும் வழி ஒன்று என்றும் திறந்திருக்க வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சி நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

எனவே நேயர்களுள் இளைஞர் எவரேனும் இத்தகைய நடைக்குத் திட்டம் வகுப்பாராயின், அவருக்கு நான் கூறுவது இதுவே. காற்றைக் கேட்டு நாள் குறியுங்கள். ஊராரைக் கேட்டு ஆற்றைக் கடவுங்கள். முதியவரைக் கேட்டு மீனை உண்ணுங்கள். வழியிலே கரைவலைக் கயிறு கண்டால் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு ஒரு கை கொடுங்கள். மணல் குறைந்த இடத்தையும் கல் நிறைந்த இடத்தையும் ஓர் ஏட்டிலே குறித்துக்கொண்டு வாருங்கள். கால்டுவெல் தம் காலத்துக் கரையைக் குறித்து வைத்தமையாலேதான் அது எவ்வளவு நடந்தது என்பதை நாம் அறிந்தோம். இன்றைய கரையை நாம் குறித்து வைத்தால், இனி வருவோர் அது எங்கே இருந்தது என்பதையாவது அறிவர்.